கூட்டமைப்பு இல்லாமலும் கோப்பை வெல்லலாம்: இந்தியானாவின் நார்த் சென்ட்ரல் கான்ஃபரன்ஸ் கடந்து வந்த பாதை

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் மாணவர் எண்ணிக்கையால் முன்வரிசையில் நிற்கும் கார்மல், சென்டர் குரோவ் ஆகிய இரு உயர்நிலைப் பள்ளிகள், இண்டியானாபொலிஸ் வட்டாரத்து மெட்ரோபாலிட்டன் கான்ஃபரன்ஸ் என்ற பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பிலிருந்து 2023-இல் விலகித் தனித்து நின்றன. சென்டர் குரோவ் 2020, 2021, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளும் அமெரிக்கக் கால்பந்தின் மிகப் பெரிய பிரிவில் மாநிலப் பட்டம் வென்ற பள்ளி. அத்தகைய பள்ளி எந்தக் கூட்டமைப்பிலும் இல்லாமல் எப்படி ஆடும், பட்டத்துக்கான உரிமை அதற்கு உண்டா என்ற ஐயம் இயல்பாகவே எழுகிறது. கல்லூரி விளையாட்டில் பசிபிக் கரையோரத்துப் பழைய கூட்டமைப்பின் 12 பல்கலைக்கழகங்களில் 10, 2024-இல் வெளியேறிய செய்தியைப் படித்தவர்களுக்கு இந்தக் குழப்பம் இன்னும் கூடும். ஏனெனில் கல்லூரியில் தொலைக்காட்சி வருவாயும் தேசியத் தொடருக்கான வாய்ப்பும் பெரிதும் கூட்டமைப்பைச் சார்ந்தவை; பள்ளியில் அது செய்யும் வேலை வேறு.

இந்த வேறுபாட்டை விளக்க, அதே மாநிலத்தின் நார்த் சென்ட்ரல் கான்ஃபரன்ஸின் வரலாறு தக்க சான்று. 1926-இல் தோன்றிய இந்தக் கூட்டமைப்பு, பள்ளிக் கூடைப்பந்தில் ஒரு காலத்தில் எவராலும் அசைக்க முடியாததாக இருந்தது. அது எழுந்ததற்கும் தளர்ந்ததற்கும் உரிய காரணங்களை ஆடுகளத்துக்குள் தேடினால் பாதிதான் கிடைக்கும்.

கூட்டமைப்பின் இடம் எது

இந்தியானாவின் பள்ளி விளையாட்டில் மூன்று அடுக்குகள் உள்ளன. இவற்றைப் பிரித்துப் பார்க்காவிட்டால் பின்வரும் எதுவும் விளங்காது.

1. மாநிலச் சங்கம். 1903-இல் நிறுவப்பட்ட இந்தியானா உயர்நிலைப் பள்ளி விளையாட்டுச் சங்கம்தான் ஆட்டக்காரரின் தகுதி, வயது வரம்பு, பள்ளி மாற்றம், ஆட்டப் பருவத்தின் காலம் ஆகியவற்றை விதிக்கிறது. மாநிலப் பட்டத்தை வழங்குவதும் அதுவே.

2. மாநிலத் தொடர். ஆட்டப் பருவத்தின் முடிவில் நடக்கும் இந்தத் தொடர் செக்‌ஷனல், ரீஜனல், செமி-ஸ்டேட், மாநில இறுதி என்று படிப்படியாக ஏறும். தோற்றவர் வெளியேற வேண்டும். எந்தப் பள்ளி எந்தச் செக்‌ஷனலில் ஆட வேண்டும் என்பதைச் சங்கம் இருப்பிடத்தைப் பார்த்து முடிவு செய்கிறது. கூடைப்பந்துத் தொடரில் எல்லா உறுப்புப் பள்ளிகளுக்கும் இடமுண்டு. பருவம் முழுவதும் ஓர் ஆட்டத்தில்கூட வெல்லாத அணியும் செக்‌ஷனலில் களமிறங்கலாம்.

3. கூட்டமைப்பு. இது பள்ளிகள் தாமாகச் செய்துகொள்ளும் உடன்பாடு. ஒரு பருவத்தில் ஆட வேண்டிய இருபது சொச்சம் ஆட்டங்களில் கணிசமான பகுதிக்கு எதிரணியை முன்கூட்டியே உறுதி செய்துகொள்வதற்கான ஏற்பாடு என்று அதைச் சொல்லலாம். கூட்டமைப்புப் பட்டம் என்ற பெருமை உண்டு. கூட்டமைப்பின் சிறந்த ஆட்டக்காரர் பட்டியல் உண்டு. ஆனால் அந்தப் பட்டம் மாநிலத் தொடரில் ஒரு படியைக்கூடக் குறைத்துத் தராது.

ஆகவே கார்மலும் சென்டர் குரோவும் இழந்தது பட்டத்துக்கான உரிமையை அன்று. உறுதியான ஆட்ட அட்டவணையைத்தான். அப்படியானால் வெறும் அட்டவணைக்காக உருவான ஓர் ஏற்பாடு ஏன் நூறாண்டுப் பெருமைக்குரியதாயிற்று என்ற கேள்வி எழும். அதற்கு விடை காண, கூடைப்பந்து தோன்றுவதற்கு முன்பு அந்த ஊர்களில் என்ன நடந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எரிவாயு வளர்த்த ஊர்கள்

1886 வாக்கில் கிழக்கு-நடு இந்தியானாவில் பெருமளவு இயற்கை எரிவாயு கண்டறியப்பட்டது. எரிபொருள் ஏறத்தாழ இலவசமாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் கண்ணாடி, உலோகத் தொழிற்சாலைகள் அங்கே குவிந்தன. கண்ணாடி ஜாடி செய்த பால் (Ball) குடும்பச் சகோதரர்கள் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவிலிருந்து மன்சிக்கு இடம்பெயர்ந்தது அந்த அலையில்தான். கோகோமோவில் எல்வுட் ஹேன்ஸ் 1894-இல் தம் மோட்டார் வண்டியை ஓட்டிக் காட்டினார். வாயுவை வரைமுறையின்றி எரித்துத் தீர்த்ததால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அது வற்றிவிட்டது. ஆனால் அதற்குள் ஆண்டர்சன், மன்சி, மேரியன், கோகோமோ ஆகிய ஊர்களில் தொழிலாளரும் பட்டறைத் திறனும் வேரூன்றியிருந்ததால், மோட்டார் வாகனத் தொழில் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இவை இண்டியானாபொலிஸ் போன்ற பெருநகரங்கள் அல்ல, சிற்றூர்களும் அல்ல. ஒவ்வொன்றும் தன் மாவட்டத்தின் தலைநகர். பெரும்பாலான ஊர்களில் பொதுப் பள்ளி ஒன்றுதான். ஊரே அதன் பின்னால் நின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஊர்களைப் பிணைத்த மின்சார ரயில் வண்டிகளால், ஓர் ஊர் அணி மாலையில் இன்னோர் ஊருக்குப் போய் ஆடிவிட்டு இரவே திரும்புவது எளிதாயிற்று.

1926: மாவட்ட எல்லையைத் தாண்டியது ஏன்

அக்கால இந்தியானாவில் நாட்டுப்புறப் பள்ளிகளுக்கு விளையாட்டு உலகம் என்பது மாவட்டம்தான். ஒரு மாவட்டத்தில் பத்துப் பதினைந்து சிறு பள்ளிகள் இருக்கும். அவை ஒன்றோடொன்று ஆடும். குளிர்காலத்தில் மாவட்டக் கோப்பைக்கான போட்டி நடக்கும். அவற்றுக்குத் தனியாகக் கூட்டமைப்பு தேவைப்படவில்லை. மாவட்டத் தலைநகரில் இருந்த பெரிய பள்ளியின் நிலையோ வேறு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர் படிக்கும் மன்சிக்குத் தன் டெலவேர் மாவட்டத்துக்குள் சமமான எதிரணி இல்லை. ஆண்டர்சனுக்கு மேடிசன் மாவட்டத்துக்குள் இல்லை. ஒத்த வலிமையுள்ள எதிரணி வேண்டுமானால் எல்லை தாண்டியே ஆக வேண்டும். இந்தத் தேவையின் அமைப்பு வடிவமே நார்த் சென்ட்ரல் கான்ஃபரன்ஸ்.

ஆண்டர்சன், மன்சி சென்ட்ரல், மேரியன், கோகோமோ, லோகன்ஸ்போர்ட், ஃபிராங்ஃபர்ட், லஃபயெட் ஜெஃபர்சன், நியூ காசல், ரிச்மண்ட் ஆகியவை அதன் தொடக்கக் கால வரலாற்றோடு பிணைந்த பெயர்கள். மேற்கே வாபாஷ் ஆற்றங்கரையில் உள்ள லஃபயெட்டிலிருந்து கிழக்கே ஒஹாயோ எல்லையை ஒட்டிய ரிச்மண்ட் வரை சாலை வழியாக ஏறத்தாழ 200 கிலோமீட்டர். இவற்றுள் எல்லாமே எரிவாயு ஊர்கள் அல்ல. லோகன்ஸ்போர்ட் ரயில்வே நகரம். அளவிலும் தரத்திலும் ஒத்திருந்தமையே அவற்றைச் சேர்த்தது.

12 பட்டங்களில் 9

கூட்டமைப்பு பிறந்த காலத்திலேயே அதன் வலிமை தெரிந்துவிட்டது. 1926 மாநில இறுதியில் மேரியன், மார்ட்டின்ஸ்வில் அணியை வென்றது. தோற்ற அணியில் ஜான் வுடன் என்ற மாணவர் ஆடினார். பிற்காலத்தில் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளராகப் பத்துத் தேசியப் பட்டங்களை வென்றவர் அவரே. 1928-இல் புதிதாகத் திறக்கப்பட்டிருந்த பட்லர் ஃபீல்டுஹவுஸ் அரங்கில் மன்சி சென்ட்ரல் அதே மார்ட்டின்ஸ்வில்லை 13-12 என்று ஒற்றைப் புள்ளியில் வீழ்த்தியது.

1928 முதல் 1939 வரை நடந்த 12 மாநிலத் தொடர்களின் பட்டியலைப் பார்த்தால் போதும்: மன்சி சென்ட்ரல் 1928, 1931, ஃபிராங்ஃபர்ட் 1929, 1936, 1939, நியூ காசல் 1932, லோகன்ஸ்போர்ட் 1934, ஆண்டர்சன் 1935, 1937. ஆக 9 பட்டங்கள் ஒரே கூட்டமைப்புக்கு. அன்று மாநிலத்தில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள் இருந்தன என்பதையும், சங்கத்தின் உறுப்புப் பள்ளிகள் எல்லாம் அளவு வேறுபாடின்றி ஒரே பட்டத்துக்காகத்தான் மோதின என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இந்த எண்ணின் கனம் புரியும். 1925-இலும் பட்டம் வென்றிருந்த ஃபிராங்ஃபர்ட்டை நான்கு முறையும் வழிநடத்திய எவரெட் கேஸ், பின்னர் வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று அந்தப் பகுதியிலேயே கூடைப்பந்தை வளர்த்தவராகப் பெயர் பெற்றார்.

இங்கேதான் கூட்டமைப்பு என்ற ஏற்பாட்டின் உண்மையான பயன் விளங்குகிறது. கூட்டமைப்புப் பட்டம் மாநிலத் தொடரில் சலுகை எதுவும் தராது என்று முன்பே கண்டோம். ஆயினும் வாரந்தோறும் தனக்கு நிகரான அணியோடு, ஆயிரக்கணக்கான பார்வையாளர் கூச்சலுக்கு நடுவே ஆடிப் பழகிய அணி, மார்ச் மாதத் தொடருக்குப் போகும்போது எதற்கும் அஞ்சாது. சிறு பள்ளிகளோடு ஆடி இருபது ஆட்டங்களை எளிதாக வென்று வரும் அணிக்கு அந்தப் பழக்கம் இருக்காது. நார்த் சென்ட்ரல் அணிகள் பருவத்தில் ஐந்தாறு ஆட்டங்களைத் தோற்றும்கூட மாநிலப் பட்டம் வெல்லும் நிலையில் இருந்ததன் காரணம் இதுவே என்று கருதுகிறேன்.

பள்ளிக்கு எதற்கு 9,000 இருக்கைகள்

இந்தியானாவுக்கு வெளியே இருப்பவர்களை வியக்க வைப்பது அந்த ஊர்களின் அரங்குகள். நியூ காசலின் மக்கள்தொகை இருபதாயிரம் அளவில் இருந்தபோது, 1959-இல் அங்கே திறக்கப்பட்ட பள்ளி அரங்கில் 9,000-க்கும் மேற்பட்டோர் அமரலாம். உலகிலேயே பெரிய பள்ளிக் கூடைப்பந்து அரங்கு என்று அந்த ஊர் இன்றும் பெருமை கொள்கிறது. ஆண்டர்சனின் ‘விக்வாம்’ அரங்கு 1958-இல் தீக்கிரையான பின், 1961-இல் ஏறத்தாழ 9,000 இருக்கைகளோடு மீண்டும் எழுந்தது.

இது வெறும் பகட்டு அல்ல. பெரிய அரங்கு உள்ள ஊருக்குச் செக்‌ஷனல் அல்லது ரீஜனல் சுற்றை நடத்தும் வாய்ப்பு கிடைக்கும்; நடத்தும் ஊருக்குச் சொந்தக் களத்தில் ஆடும் சாதகமும் நுழைவுக் கட்டண வருவாயும் சேரும். இதனால் ஊர்களுக்கிடையே அரங்கு கட்டும் போட்டியே மூண்டது. கூட்டமைப்பு ஆட்டங்கள் அந்த இருக்கைகளைக் குளிர்காலம் முழுவதும் நிரப்பின. நியூ காசலின் பழைய, சிறிய சர்ச் ஸ்ட்ரீட் அரங்கில் 1959 பிப்ரவரியில் நடந்த கடைசி ஆட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: நியூ காசலின் ரே பேவி 51 புள்ளிகளும், கோகோமோவின் ஜிம்மி ரெய்ல் 49 புள்ளிகளும் எடுத்த அந்த ஆட்டத்தில் நியூ காசல் 92-81 என்று வென்றது. மாநிலத் தொடரோடு தொடர்பில்லாத வெறும் கூட்டமைப்பு ஆட்டம் அது. ஆயினும் இந்தியானாவில் பல மாநில இறுதிகளைவிட அதிகமாகப் பேசப்படுகிறது.

எளியவரிடம் தோற்ற வலியவர்

இந்தக் கூட்டமைப்பைப் பற்றி உலகம் அறிந்த ஒரே கதை அது தோற்ற கதைதான் என்பது விந்தை. 1954 மாநில இறுதி ஆட்டத்தில், 161 மாணவர் மட்டுமே படித்த மிலன் பள்ளி மன்சி சென்ட்ரலை 32-30 என்று வென்றது; பாபி பிளம்ப் கடைசி நொடிகளில் போட்ட பந்து வரலாறாயிற்று. 751 பள்ளிகள் ஒரே பட்டத்துக்காக ஆடியதால்தான் அந்த வெற்றிக்கு அத்தனை மதிப்பு. ஆனால் மிலனைப் போன்ற அளவுள்ள பள்ளி அதன் பிறகு ஒற்றைப் பட்ட முறையில் வெல்லவே இல்லை. விதிவிலக்கைப் பொதுவிதியாக எண்ணியதால் பிற்காலத்தில் நடந்த விவாதம் பெரிதும் திசைமாறியது.

மறுஆண்டு மன்சியை வெளியேற்றியது இன்னொரு வகையில் ஒதுக்கப்பட்ட பள்ளி. இண்டியானாபொலிஸின் கிறிஸ்பஸ் ஆட்டக்ஸ் பள்ளி, கறுப்பின மாணவரைப் பிரித்து வைப்பதற்காகவே 1927-இல் திறக்கப்பட்டது. கறுப்பினப் பள்ளிகளையும் கத்தோலிக்கப் பள்ளிகளையும் மாநிலச் சங்கம் 1940-களின் தொடக்கம் வரை உறுப்பினராக ஏற்கவில்லை. ஆகவே ஆட்டக்ஸ் எதிரணி தேடி வெளிமாநிலங்களுக்கெல்லாம் பயணம் செய்ய வேண்டியிருந்தது. 1955 செமி-ஸ்டேட் இறுதியில் ஆஸ்கர் ராபர்ட்சன் ஆடிய ஆட்டக்ஸ், மன்சி சென்ட்ரலை 71-70 என்று வென்று, பின் மாநிலப் பட்டத்தையும் வென்றது. 1956 மாநில இறுதி ஆட்டத்தில் ஆட்டக்ஸிடம் தோற்ற அணியும் நார்த் சென்ட்ரலின் லஃபயெட் ஜெஃபர்சனே.

நார்த் சென்ட்ரலின் பள்ளிகளில் கறுப்பின மாணவரும் வெள்ளையின மாணவரும் சேர்ந்து ஆடினர் என்றாலும் அந்த ஊர்கள் சமத்துவத்தின் இருப்பிடங்களாக இருக்கவில்லை. ஆண்டர்சனை 1946 பட்டத்துக்கு இட்டுச் சென்று, இறுதி ஆட்டத்தில் 30 புள்ளிகள் எடுத்து, மாநிலத்தின் ‘மிஸ்டர் பாஸ்கெட்பால்’ (ஆண்டின் சிறந்த பள்ளி ஆட்டக்காரர்) என்று தேர்ந்தெடுக்கப்பட்ட ஜானி வில்சனுக்கு, நிறத்தின் காரணமாக இந்தியானா பல்கலைக்கழக அணியில் இடம் மறுக்கப்பட்டது. சொந்த ஊர்க் கல்லூரியில்தான் அவர் ஆட முடிந்தது. மாணவியர் நிலை இன்னும் பின்தங்கியிருந்தது: அவர்களுக்கான மாநிலக் கூடைப்பந்துத் தொடர் 1976-இல்தான் தொடங்கியது. கோகோமோ மாணவியர் 1992, 1993 என அடுத்தடுத்து இரு பட்டங்களை வென்றனர்.

ஆலைகளோடு சேர்ந்து சுருங்கிய ஊர்கள்

ஆண்டர்சனில் ஜெனரல் மோட்டார்ஸின் டெல்கோ ரெமி, கைடு லேம்ப் ஆலைகளில் உச்சக் காலத்தில் 20,000-க்கும் மேற்பட்டோர் வேலை செய்தனர். நகரம் பெருகியதால் ஆண்டர்சன் உயர்நிலைப் பள்ளியோடு மேடிசன் ஹைட்ஸ், ஹைலாண்ட் என்ற பள்ளிகளும் இயங்கின. மன்சியிலும் அவ்வாறே சவுத்சைடு, நார்த்சைடு பள்ளிகள் தோன்றின. பின்னர் அத்தனையும் தலைகீழாயிற்று. மேடிசன் ஹைட்ஸ் 1997-இலும், ஹைலாண்ட் 2010-இலும் மூடப்பட்டன. மன்சி நார்த்சைடு 1988-இலும், சவுத்சைடு 2014-இலும் உயர்நிலைப் பள்ளிகளாக இயங்குவதை நிறுத்தின. 1970-இல் 70,000-ஐத் தாண்டியிருந்த ஆண்டர்சனின் மக்கள்தொகை 2010-இல் 56,000 அளவுக்குக் குறைந்தது. மேரியனில் 39,000-க்கு மேல் இருந்தது 30,000-க்குக் கீழே வந்தது. விக்வாம் அரங்கு செலவு தாங்க முடியாமல் 2011-இல் மூடப்பட்டது.

ஆட்டத் திறன் உடனே தளரவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஆலைகள் சுருங்கத் தொடங்கிய காலத்தில்தான் மேரியன் 1985, 1986, 1987 என்று தொடர்ந்து மூன்று பட்டங்களை வென்றது; 1920-22-இல் ஃபிராங்க்லின் பள்ளி செய்ததற்குப் பின் அது இரண்டாம் முறை. அடுத்த ஆண்டு, 1988-இல், மன்சி சென்ட்ரல் தன் எட்டாம் பட்டத்தை எடுத்தது. 1979-இல் மன்சியும் ஆண்டர்சனும், 1986-இல் மேரியனும் ஆண்டர்சனும், 1992-இல் ரிச்மண்டும் லஃபயெட் ஜெஃபர்சனும் மாநில இறுதியில் மோதின. மூன்று முறையும் இரு தரப்பும் ஒரே கூட்டமைப்பு. வேலையிழந்த ஊர்களில் எஞ்சியிருந்த பெருமிதம் அரங்கில்தான் திரண்டது போலும்.

பிரிவு முறை வந்த பின்

1997-98 பருவத்தில் மாநிலச் சங்கம் கூடைப்பந்தை மாணவர் எண்ணிக்கைப்படி நான்கு பிரிவுகளாகப் பிரித்து, நான்கு பட்டங்களை வழங்கத் தொடங்கியது; நான்காம் பிரிவே மிகப் பெரிய பள்ளிகளுக்கானது. ஒற்றைப் பட்ட முறையின் கடைசி இறுதியில் ப்ளூமிங்டன் நார்த், மன்சிக்கு அருகில் உள்ள டெல்டாவை வென்றிருந்தது. நார்த் சென்ட்ரலுக்கு இதனால் ஏற்பட்ட விளைவுகள் மூன்று.

1. ஒரே கூட்டமைப்பின் பள்ளிகள் வெவ்வேறு பிரிவுகளில் சிதறின. நியூ காசல் 2006-இலும் மேரியன் 2016-இலும் வென்றவை மூன்றாம் பிரிவுப் பட்டங்கள்.

2. பருவத்தில் மோதும் அண்டை அணிகள் மார்ச் மாதத்தில் சந்திக்காமல் போகலாம் என்ற நிலை வந்தது. பழைய செக்‌ஷனலின் சூடு பெரிதும் தணிந்தது.

3. கூட்டமைப்பில் தொடர்வதா என்று முடிவு செய்யும்போது, மாணவர் எண்ணிக்கை முன்பைவிடப் பெரிய காரணியாயிற்று.

அரங்குகள் காலியானதற்குப் பிரிவு முறை ஒன்றே காரணம் என்று இந்தியானாவில் பலர் இன்றும் சினத்தோடு சொல்கிறார்கள். அதை முழுமையாக ஏற்க முடியவில்லை. 1990 இறுதி ஆட்டத்துக்கு 41,046 பேர் திரண்டது டேமன் பெய்லி என்ற தனியொரு மாணவரின் ஈர்ப்பால். அந்த எண்ணை வைத்து ஊர்தோறும் இருந்த கூட்டத்தை அளக்கக் கூடாது. ஊரில் ஆளே குறைந்துகொண்டிருந்தபோது, எந்த முறை இருந்தாலும் 9,000 இருக்கைகள் நிரம்பியிருக்குமா என்பது ஐயமே.

யார் வருகிறார், யார் போகிறார்

மாணவரும் செல்வாக்கும் இண்டியானாபொலிஸின் வடக்குப் புறநகரங்களுக்கு நகர்ந்தன. 1980-இல் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வாழ்ந்த ஃபிஷர்ஸ் ஊரில் 2020-இல் ஒரு லட்சத்தை எட்டும் அளவு மக்கள். அங்கே தோன்றிய பெரும் பள்ளிகள் தமக்குள் ஹூசியர் கிராஸ்ரோட்ஸ் என்ற கூட்டமைப்பை வளர்த்துக்கொண்டன. எதிரணி வேண்டி 1926-இல் ஊர்கள் கூடிய அதே காரணம், இப்போது வேறு ஊர்களைச் சேர்த்தது.

நார்த் சென்ட்ரலிலிருந்து ஃபிராங்ஃபர்ட் எப்போதோ சிறிய பள்ளிகளின் சகமோர் கூட்டமைப்புக்குப் போய்விட்டது. நியூ காசலும் தன் அளவுக்கு ஒத்த ஹூசியர் ஹெரிடேஜுக்கு மாறியது. இடையில் சேர்ந்திருந்த ஹண்டிங்டன் நார்த் 2015-இல் தன் வட்டாரத்து நார்த்ஈஸ்ட் எய்ட் கூட்டமைப்பின் பக்கம் போனது. ஈடாக, லஃபயெட்டைச் சுற்றிய புறநகர்ப் பள்ளிகளான ஹாரிசனும் மெக்கட்சனும் 2014-இல் கிராஸ்ரோட்ஸை விட்டு இங்கே வந்தன. தங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே லஃபயெட் ஜெஃபர்சனோடு கூட்டமைப்பு ஆட்டம் ஆடலாம் என்றிருக்க, இண்டியானாபொலிஸின் மறுபுறம் வரை வாரநாள் மாலைகளில் பேருந்து ஓட்டுவதில் பொருளில்லை. இத்தகைய மாற்றங்களுக்கு மாநிலச் சங்கத்தின் உத்தரவு தேவையில்லை. பள்ளி வாரியங்கள் முடிவு செய்து, கூட்டமைப்பின் மற்ற உறுப்பினர்கள் ஏற்றால் போதும். வெற்றி தோல்வியைவிடப் பயண நேரமும், எல்லா விளையாட்டுகளுக்கும் நிகரான எதிரணி கிடைப்பதும், மாணவர் எண்ணிக்கையுமே முதலில் எடைபோடப்படுகின்றன.

கோகோமோ இன்றும் பெரிய பிரிவில் நிற்கிறது. ஃப்ளோரி பிடுங்கா ஆடிய அதன் அணி 2023-இல் நான்காம் பிரிவு இறுதி வரை சென்று பென் டேவிஸிடம் தோற்றது. அந்தப் பென் டேவிஸ், கார்மலும் சென்டர் குரோவும் விட்டுச் சென்ற மெட்ரோபாலிட்டன் கான்ஃபரன்ஸைச் சேர்ந்தது. விலகிய இரு பள்ளிகளுக்கும் அதே மாநிலத் தொடரில் வழக்கம்போல் செக்‌ஷனல் ஒதுக்கப்படுகிறது. பருவத்தின் மற்ற வாரங்களுக்கு எதிரணி தேடும் வேலைதான் அவற்றின் விளையாட்டு இயக்குநர்களுக்குக் கூடியிருக்கிறது.